கார்ட்லெஸ் ட்ரில் வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புது வீட்டுக்குக் குடிபோனவர், தச்சு ஆசாரி, எலக்ட்ரீஷியன், ஏசி மெக்கானிக் என்று யார் கேட்டாலும் கார்ட்லெஸ் ட்ரில் பற்றிய சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டுச் சுவர்களையும் வெயிலையும் இங்கே கடைகளில் கிடைக்கும் மெஷின்களையும் மனதில் வைத்து எழுதியவை.

1. வீட்டுல வருஷத்துக்கு நாலு ஓட்டை போடுறதுக்கு கார்ட்லெஸ் தேவையா? வயர் மெஷினே போதாதா?

நாலு ஓட்டைதான் என்றால் வயர் மெஷினே போதும். 500 முதல் 650 வாட் வரையுள்ள, 13 எம்எம் சக் (துளையிடும் பிட்டைக் கவ்வும் வாய்) வைத்த வயர் ட்ரில், அதே விலைக்குக் கிடைக்கும் கார்ட்லெஸ்ஸைவிடச் சுவரில் வேகமாக இறங்கும். பரணில் பல வருடம் கிடந்தாலும் எடுத்த அன்று ஓடும். லித்தியம் பேட்டரி அப்படி இல்லை. சும்மா வைத்திருந்தாலே வருடத்துக்கு வருடம் கொஞ்சம் தேயும். முழுக்க இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் செத்தே போகும்.

கார்ட்லெஸ் கொடுத்த காசுக்கு உழைப்பது ஸ்க்ரூ வேலையில்தான். கட்டில், அலமாரி பூட்டுவது, கதவுக் கீல் மாற்றுவது, கொசுவலை ஃபிரேம், சமையலறை டிராயர் சேனல் இதெல்லாம் வயர் மெஷினில் செய்தால் ஸ்க்ரூ தலை பிய்ந்துவிடும். வைத்த அளவோடு முறுக்கை நிறுத்தும் கிளச் அதில் கிடையாது, வேகமும் 2,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல். இன்னொரு சௌகரியம் பலருக்குத் தோன்றுவதில்லை: சுவருக்குள் கரண்ட் வயர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியாதபோது, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் துளை போடலாம்.

2. ட்ரில் டிரைவர், ஹேமர் ட்ரில், இம்பாக்ட் டிரைவர், ரோட்டரி ஹேமர்னு கடைக்காரர் நாலு பேர் சொல்றார். பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?

ட்ரில் டிரைவர் சுற்றும், அவ்வளவுதான். மரம், பிளைவுட், இரும்பு, ஸ்க்ரூ வரைக்கும் அதன் எல்லை. ஹேமர் ட்ரில்லும் அதே மெஷின்தான். கூடுதலாக உள்ளே பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கி பிட்டை அதிரவைக்கும். 1,500 ஆர்பிஎம் மெஷினில் 22,500 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை தட்டு) என்று போட்டிருந்தால் ஒரு சுற்றுக்கு 15 தட்டு என்று கணக்கு. தட்டு நிறைய விழும், ஒவ்வொன்றும் மெல்லியது. கையால் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் அதன் பலம்.

ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி உள்ளிருக்கும் இரும்புக் கட்டியைப் பிட்டின் வாலில் மோதவிடுகிறது. நிமிடத்துக்கு நாலைந்தாயிரம் அடிதான் இருக்கும். ஆனால் சின்ன கார்ட்லெஸ் மாடலிலேயே ஒவ்வொரு அடியும் 1.5 முதல் 2.5 ஜூல் வரை வரும். அழுத்தவே வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும். இதற்கு வாலில் பள்ளம் வெட்டிய எஸ்டிஎஸ் பிளஸ் பிட் வேண்டும், சாதா பிட் பொருந்தாது. இம்பாக்ட் டிரைவர் வேறு சாதி: முறுக்கும் திசையில் தட்டித்தட்டி ஸ்க்ரூவையும் போல்ட்டையும் இறக்கும். கால் இஞ்ச் அறுகோணத் தண்டு உள்ள பிட்தான் ஏறும். வயர் வைத்த ஹேமர் ட்ரில்லை கடைகளில் 'இம்பாக்ட் ட்ரில்' என்றே விற்பதால், சுவர் துளைக்க இம்பாக்ட் டிரைவரை வாங்கிவந்து ஏமாறுபவர்கள் நிறைய.

பெட்டியில் உள்ள மாடல் எழுத்தே பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். பாஷ் நிறுவனத்தில் ஜிஎஸ்ஆர் என்றால் ட்ரில் டிரைவர், ஜிஎஸ்பி ஹேமர் ட்ரில், ஜிடிஆர் இம்பாக்ட் டிரைவர், ஜிபிஎச் ரோட்டரி ஹேமர். மகிட்டாவில் அதே வரிசையில் டிடிஎஃப், டிஎச்பி, டிடிடி, டிஎச்ஆர். டிவால்ட்டில் டிசிடி என்பது ட்ரில், ஹேமர் ட்ரில் இரண்டுக்கும் பொது. டிசிஎஃப் இம்பாக்ட், டிசிஎச் ரோட்டரி.

3. எங்க வீட்டுச் சுவர்ல எந்த மெஷின் இறங்கும்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பிராண்டுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. யாரும் கேட்பதில்லை. ஒரு மூலையில் 5 எம்எம் பிட்டால் சோதனைத் துளை போட்டு, வரும் தூளைப் பாருங்கள். முதல் 12 முதல் 15 எம்எம் வரை பூச்சுதான், சாம்பல் தூள் வரும். அதற்கப்புறம் சிவப்பாக வந்தால் செங்கல். 12 வோல்ட் ஹேமர் ட்ரில்லே 6 எம்எம், 8 எம்எம் துளையைச் சிரமமில்லாமல் போடும். வெள்ளையாக, மாவு போலக் கொட்டினால் காற்றுக் குமிழ் நிறைந்த இலேசான ஏஏசி பிளாக். இதில் ஹேமரை அணைத்துவிட்டு வெறும் சுற்றில் போட வேண்டும். தட்டினால் துளை அகலமாகி, ஸ்க்ரூவைப் பிடிக்க உள்ளே செருகும் பிளாஸ்டிக் பிளக் நிற்காது. ஹாலோ பிளாக்கிலும் அதேதான், உள்தடுப்பு உடைந்துவிடும்.

சாம்பல் தூளே தொடர்ந்து வந்து, பிட் இறங்காமல் சூடேறினால் கான்கிரீட். பீம், தூண், ஜன்னல் மேலுள்ள லிண்டல், மேல்தளம் எல்லாம் இந்த வகை. பழைய வீட்டில் இது அங்கங்கேதான் வரும். ஆனால் சமீபத்திய அடுக்குமாடிகளில் பலவற்றை மைவான் முறையில் கட்டுகிறார்கள். அலுமினியப் பலகை அடைத்துச் சுவர் முழுவதையும் கான்கிரீட்டாகவே வார்ப்பது. அந்த வீட்டில் 12 வோல்ட் ஹேமர் ட்ரில்லை வைத்துக்கொண்டு திரைச்சீலைக் கம்பி மாட்டுவது கையையும் பேட்டரியையும் வீணாக வதைப்பதுதான். அங்கே எஸ்டிஎஸ் ரோட்டரி ஹேமர் தவிர வேறு எதுவும் சரிப்படாது. கான்கிரீட்டில் பிட் திடீரென்று நின்று கிறீச்சிட்டால் கம்பியில் முட்டியிருக்கிறது. அழுத்தாமல் 4, 5 சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள்.

மாட்டியது பிடுங்கிக்கொண்டு வருகிறது என்று மெஷினைக் குறைசொல்பவர்கள் பூச்சின் கனத்தை மறந்துவிடுகிறார்கள். 25 எம்எம் பிளக் போட்டால் பாதிக்கு மேல் பூச்சிலேயே நிற்கும். 6 எம்எம் துளைக்கு 35 அல்லது 40 எம்எம் நீளப் பிளக்கும் 8 நம்பர் ஸ்க்ரூவும் போட்டு, துளையைப் பிளக்கின் நீளத்தைவிட 10 எம்எம் ஆழமாக எடுங்கள். அந்த 10 எம்எம் தூள் தங்குவதற்கு.

4. 12 வோல்ட், 18 வோல்ட், 20 மேக்ஸ், 21 வோல்ட், ஆன்லைன்ல 48 வோல்ட்டும் இருக்கு. பெரிய நம்பர்தானே நல்லது?

ஒரு லித்தியம் செல்லின் சராசரி 3.6 வோல்ட், முழுதாக ஏறியதும் 4.2. மூன்று செல் சேர்ந்தால் 10.8, முழு சார்ஜில் 12.6, 12 வோல்ட் மெஷின் என்பது இதுதான். ஐந்து செல் சேர்ந்தால் 18, முழு சார்ஜில் 21. ஆக 18, 20 மேக்ஸ், 21 எல்லாமே அதே ஐந்து செல்தான். டிவால்ட் ஐரோப்பாவில் 18 என்று விற்கும் மெஷின்தான் இங்கே 20 மேக்ஸ் என்று வருகிறது. 48, 88 என்று ஒட்டிவரும் மலிவு மெஷின்களில் அந்த எண்ணுக்கு அளவீட்டு அர்த்தமே கிடையாது. பெரும்பாலும் உள்ளே ஐந்து செல் இருக்கும். நிஜமான 48 வோல்ட் வேண்டுமென்றால் 13 செல் வேண்டும், அது அந்தக் கைப்பிடிக்குள் அடங்காது.

செங்கல் சுவர், பிளைவுட் வேலை, வீட்டு மராமத்து என்றால் 12 போதும். பேட்டரியோடு ஒரு கிலோ சுற்றித்தான் இருக்கும், ஏணிமேல் ஒரு கையால் பிடிக்கலாம். நாள் முழுக்க வேலை, 10 எம்எம்முக்கு மேல் துளை, ஹோல் சா (பெரிய வட்டத் துளை வெட்டும், பல் வைத்த கிண்ணம்), இரும்பு என்றால் 18-க்குப் போங்கள். வீட்டுக்கும் 18 வாங்குபவர்கள் உண்டு, தவறில்லை. ஒன்றரை கிலோவுக்கு மேல் கனம் என்பதைக் கடையில் கையை நீட்டிப் பிடித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

5. ஏஎச் எவ்வளவு இருக்கணும்? ஒரு 4 ஏஎச் நல்லதா, ரெண்டு 2 ஏஎச் நல்லதா?

ஏஎச் என்பது ஆம்பியர் அவர், பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் அடங்கும் என்ற அளவு. அதை மட்டும் பார்க்காமல் வோல்ட்டோடு பெருக்குங்கள். 12 வோல்ட் 2 ஏஎச் பேட்டரியில் இருப்பது 10.8 x 2, அதாவது 21.6 வாட் அவர். 18 வோல்ட் 2 ஏஎச்சில் 36. 18 வோல்ட் 4 ஏஎச்சில் 72. எவ்வளவு வேலை வாங்கலாம் என்பதைச் சொல்வது இந்தக் கடைசி எண்தான்.

ஸ்க்ரூ வேலைக்கும் சின்னத் துளைக்கும் இரண்டு 2 ஏஎச்தான் வசதி: ஒன்று ஓடும்போது மற்றது ஏறும், மெஷினும் கனக்காது. ரோட்டரி ஹேமருக்கு 4 ஏஎச்சுக்குக் குறைந்து போடாதீர்கள். காரணம் ஓடும் நேரம் மட்டும் இல்லை. வழக்கமான 4 ஏஎச் பேக்கில் பத்து செல், இரண்டிரண்டாக இணைத்திருக்கும்; மெஷின் இழுக்கும் கரண்ட்டைப் பங்கிட்டுக்கொள்வதால் சுமையில் வோல்ட் சரியாது, சூடும் குறைவு. அதே மெஷின் 2 ஏஎச்சில் திணறி 4 ஏஎச்சில் பாய்வதை நேரிலேயே பார்க்கலாம்.

6. 30 நியூட்டன் மீட்டர், 50 நியூட்டன் மீட்டர்னு போட்டிருக்கே, அது எதுக்கு?

முறுக்கு விசை. பெட்டியின் முகப்பில் போடுவது 'ஹார்டு' அளவு: இரும்பில் ஸ்க்ரூ சட்டென்று முட்டி நிற்கும் கணத்தின் உச்சம். மரத்தில் ஸ்க்ரூ இறங்கும்போது வருவது 'சாஃப்ட்' அளவு, பெரும்பாலும் முன்னதில் பாதி. கையேட்டில் இரண்டும் இருக்கும். இரண்டு மெஷினை ஒப்பிடும்போது ஒன்றின் ஹார்டை இன்னொன்றின் சாஃப்டோடு வைத்துப் பார்க்காதீர்கள். பாஷ் 18 வோல்ட் மாடல் பெயரில் கோட்டுக்குப் பிறகு வரும் 50, 110 போன்ற எண்களும் இந்த ஹார்டு அளவுதான்.

மாடுலர் கிச்சனுக்கு 30 நியூட்டன் மீட்டர் போதும். தேக்குச் சட்டத்தில் பெரிய ஸ்க்ரூ, 50 எம்எம் ஹோல் சா என்றால் 50-க்கு மேல். 60 தாண்டிய மெஷினில் பக்கக் கைப்பிடியை மாட்டியே ஆக வேண்டும். பிட் சிக்கினால் மெஷின் சுற்றி மணிக்கட்டை முறுக்கிவிடும். தோளில் துண்டு, தொளதொள கையுறை இரண்டும் வேண்டாம்.

7. பிரஷ்லெஸ் வாங்கணுமா? விலை அதிகமா இருக்கே.

தொழிலுக்கு வேண்டும், வீட்டுக்குக் கட்டாயமில்லை. கார்பன் பிரஷ் உரசும் இழப்பு இல்லாததால் அதே பேட்டரியில் கூடுதல் வேலை நடக்கும், மோட்டாரும் சூடாகாது, தேய்ந்து மாற்றுவதற்கு எதுவும் இல்லை. குறை ஒன்று உண்டு: அதன் கண்ட்ரோல் போர்டு கெட்டால் செலவு பெரிது. பிரஷ் மோட்டாரில் ஒரு ஜோடி கார்பன் மாற்றினால் முடிந்தது.

மலிவு மெஷினில் 'பிரஷ்லெஸ்' என்று எழுதியிருந்தால் இருட்டான இடத்தில் ட்ரிகரை அழுத்திக் காற்றுத் துளைகள் வழியே பாருங்கள். நீலப் பொறி தெரிந்தால் உள்ளே இருப்பது பிரஷ் மோட்டார்.

8. கடையில கையில குடுத்தா என்னத்தைச் சோதிக்கிறது?

நீளமான, நேரான 6 எம்எம் பிட் ஒன்றைக் கொண்டுபோங்கள். சக்கில் மாட்டி மெதுவாகச் சுற்றவிட்டு நுனியைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி வட்டமடித்தால் அந்தப் பீஸை வைத்துவிடுங்கள். சக்கைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் லொடலொட என்று ஆடக்கூடாது. ட்ரிகரை மிக மெல்ல அழுத்தும்போது மிக மெல்லச் சுற்ற வேண்டும். மலிவு மெஷின்களில் பாதி தூரம்வரை ஒன்றுமே நடக்காது, பிறகு குபீரென்று ஓடும். அதில் ஸ்க்ரூ வேலை செய்யவே முடியாது. விரலை எடுத்ததும் சக் சட்டென்று நிற்க வேண்டும்.

கியர் இரண்டு இருக்கிறதா பாருங்கள்: முதல் கியர் 400, 500 ஆர்பிஎம்மும், இரண்டாவது 1,500 அல்லது அதற்கு மேலும். ஒரே கியர் மட்டும் உள்ளதில் சக்தி, வேகம் இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். பேட்டரியைச் செருகிக் குலுக்குங்கள். ஆடினால் முனைகளில் பொறி பறந்து கருகும். 10 எம்எம் சக்கா 13 எம்எம் சக்கா என்றால் வீட்டுக்கு 10 தாராளம்.

9. எந்த பிராண்ட் வாங்கலாம்? நேரா சொல்லுங்க.

நேராகச் சொன்னால்: உங்கள் ஊரில், அல்லது பஸ்ஸில் ஒரு மணி நேர தூரத்தில், அங்கீகரித்த சர்வீஸ் சென்டர் உள்ள பிராண்ட். பாஷ், மகிட்டா, டிவால்ட் மூன்றில் எதிலும் நல்ல மெஷின் இருக்கிறது. அந்த மட்டத்தில் வித்தியாசம் கைக்குப் பழகுவதில்தான். வாங்குமுன் அந்த சென்டருக்கு போன் போட்டு, 'இந்த மாடலுக்கு சுவிட்ச், சக், பேட்டரி ஸ்டாக் இருக்கா?' என்று கேளுங்கள். பதில் இழுத்தால் புரிந்துகொள்ளலாம்.

மெஷினை வாங்கும்போது உண்மையில் ஒரு பேட்டரிக் குடும்பத்துக்குள் போகிறீர்கள். நாளைக்கு கிரைண்டர், ஜிக்சா வாங்கினாலும் அதே பேட்டரி ஓடும். பேட்டரி இல்லாமல் வெறும் மெஷினாக வாங்கினால் விலை வெகுவாகக் குறையும். ஆனால் ஒரே பிராண்டுக்குள்ளும் சுவர் உண்டு. பாஷ்ஷின் நீல நிறத் தொழில்முறை வரிசையின் 18 வோல்ட் பேட்டரி, பச்சை நிற வீட்டு வரிசையில் ஏறாது. மகிட்டாவில் 12, 18, 40 மூன்றும் தனித்தனி. கேட்டு வாங்குங்கள். வாரண்ட்டியில் மெஷினுக்கு ஒரு காலம், பேட்டரிக்கு அதைவிடக் குறைந்த காலம் என்று இருக்கலாம், அதையும் படித்துவிடுங்கள். ஜிஎஸ்டி எண் போட்ட பில் இல்லாமல் எந்தப் பேச்சும் எடுபடாது.

10. பாரிமுனைல அதே பிராண்ட் பாதி விலைக்குக் கிடைக்குதே, ஒரிஜினலா?

அங்கே நாணயமான டீலர்கள் பலர் இருக்கிறார்கள், ஆனால் பாதி விலைக்கு யாருக்கும் கட்டாது. பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி எல்லாம் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அதைக் கேட்கின்றன. மெஷினின் தகட்டில் உள்ள சீரியல் எண்ணைக் கடையில் நிற்கும்போதே நிறுவனத்தின் இணையதளத்தில் வாரண்ட்டிக்குப் பதிந்து பாருங்கள்.

இன்னும் சுலபமான சோதனை தராசு. 18650 வகை செல் ஒன்று 45 கிராம் சுற்றி எடை, அதிகக் கரண்ட் தரும் வகையில் ஒன்றுக்கு 3 ஏஎச்சுக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஐந்து செல் மட்டும் உள்ள ஒல்லியான பேக்கில் '6 ஏஎச்' என்று எழுதியிருந்தால் அது பொய். பத்து செல் உள்ள பேக், கூட்டோடு சேர்த்து 600 கிராமுக்குக் குறையாது. பெருத்த கூட்டில் இருந்துகொண்டு 400 கிராம்தான் காட்டினால் பாதி இடம் காலி.

11. மச்சான் துபாய்ல இருந்து வர்றார். அங்க விலை கம்மியாம், வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

சொல்லலாம். அங்கும் 230 வோல்ட் ஒட்டிய மின்சாரம்தான். சார்ஜரின் மூன்று தட்டை முள் பிளக்குக்கு ஒரு அடாப்டர் போதும். அமெரிக்காவிலிருந்து வந்தால் சார்ஜர் 120 வோல்ட், இங்கே செருகிய கணமே போய்விடும். மெஷினை மட்டும் வாங்கி வரச்சொல்லி, பேட்டரி, சார்ஜரை இங்கே வாங்கலாம். வெளிநாட்டு வாரண்ட்டி இங்கே செல்லுமா என்பதை நம்பி எதுவும் வாங்காதீர்கள்.

விமானத்தில் மெஷின் செக்-இன் பெட்டியில் போக வேண்டும், தனியாக வரும் பேட்டரி கைப்பையில். மாற்றி வைத்தால் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். ஒரு பேட்டரி 100 வாட் அவர் வரை தடையில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். கணக்கு 5-ஆம் பதிலில் சொன்னதுதான்: 18 வோல்ட் 5 ஏஎச் என்றால் 90. முனைகளில் டேப் ஒட்டச் சொல்லுங்கள்.

12. டைல்ஸ்ல ஓட்டை போட்டா உடைஞ்சிடுது. மெஷின் பவர் பத்தலையா?

பவர் கூடிப்போனதால்தான் உடைகிறது. டைலைத் தாண்டும்வரை ஹேமர் அணைந்திருக்க வேண்டும். குறித்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஈட்டிமுனை டைல் பிட்டை முதல் கியரில் மெதுவாக ஓட்டுங்கள். பளபளப்பு உடைந்து சின்னக் குழி விழுந்தபின் கொஞ்சம் வேகம் கூட்டலாம். டைல் விளிம்பிலிருந்து 2 சென்டிமீட்டருக்குள் போடாதீர்கள். தாண்டியதும் பிட்டைக் கான்கிரீட் பிட்டுக்கு மாற்றி, பின் சுவர் செங்கல் என்றால் ஹேமரைப் போடலாம்.

தரைக்குப் போடும் விட்ரிஃபைடு டைலிலும் கிரானைட்டிலும் ஈட்டிமுனை மழுங்கிவிடும். டைமண்ட் கோர் பிட், தண்ணீர் தெளித்துக்கொண்டே. குளியலறைச் சுவரில் குழாய்க்கும் சுவிட்ச் போர்டுக்கும் நேர் மேலே, நேர் கீழே துளை போடாதீர்கள். பைப்பும் வயரும் அந்தக் கோட்டில்தான் இறங்கும்.

13. சக்குக்குப் பின்னாடி 1-லேர்ந்து 20 வரைக்கும் நம்பர் இருக்கே, எதுல வைக்கணும்? ஸ்க்ரூ தலை எப்பவும் தேஞ்சு போகுது.

அதுதான் கிளச். வைத்த அளவை எட்டியதும் கடகட என்று நழுவி ஸ்க்ரூவைக் காப்பாற்றும். எந்த மரத்துக்கு எந்த எண் என்று அட்டவணை கிடையாது. 5-இல் ஆரம்பித்து, ஸ்க்ரூ முழுதும் இறங்குமுன் நழுவினால் இரண்டிரண்டாகக் கூட்டுங்கள். தலை பலகையோடு சமமாக நிற்கும் எண் கிடைத்ததும் அந்த வேலை முடியும்வரை மாற்ற வேண்டாம். முதல் கியரிலேயே இருங்கள். துளைக் குறி, சுத்தியல் குறி இரண்டிலும் கிளச் வேலை செய்யாது.

தலை தேய்வதற்கு இன்னும் இரண்டு காரணம். ஒன்று, பிட் நம்பர்: 8, 10 நம்பர் ஸ்க்ரூவுக்கு பிஎச்2 என்ற பிளஸ் முனை வேண்டும், பிஎச்1 போட்டால் உள்ளே ஆடி உரசும். இரண்டு, முன்துளை போடாதது. 4 எம்எம் ஸ்க்ரூவுக்கு பிளைவுட்டில் 2.5, தேக்கு மாதிரி கெட்டி மரத்தில் 3 எம்எம் முன்துளை. பித்தளை ஸ்க்ரூவை இம்பாக்ட் டிரைவரால் ஏற்றவே கூடாது, கழுத்தோடு முறியும்.

14. கிரில், எஸ்எஸ் பைப்ல பிட் உடனே கருகிடுது, ஏன்?

வேகம். சாதா இரும்பில் எச்எஸ்எஸ் (இரும்பு துளைக்கும் வழக்கமான) பிட்டின் விளிம்பு நிமிடத்துக்குச் சுமார் 25 மீட்டர் ஓடலாம். 6 எம்எம் பிட்டுக்கு இது ஏறக்குறைய 1,300 ஆர்பிஎம், 10 எம்எம்முக்கு 800. எஸ்எஸ்ஸில் அதில் பாதிகூட வேண்டாம்: 6 எம்எம்முக்கு 500 சுற்றி, அதாவது முதல் கியர். வேகமாக, மெல்ல அழுத்தி ஓட்டினால் எஸ்எஸ் உரசலில் இன்னும் கெட்டியாகிப் பிட்டைத் தின்றுவிடும். மெதுவாக ஓட்டி, சுருள் சுருளாகச் சீவல் வரும்படி அழுத்துங்கள். கோபால்ட் பிட், ஒரு சொட்டு எண்ணெய், சென்டர் பஞ்சால் ஒரு புள்ளி. துளை மறுபக்கம் திறக்கும் கணத்தில்தான் பிட் சிக்கும், அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள்.

15. தொழிலுக்கு வாங்கறேன். ஒரே மெஷின்ல எல்லா வேலையும் ஆகுமா?

ஆகாது. ரோட்டரி ஹேமரில் சாதா சக் அடாப்டர் மாட்டி மரத்துக்கும் ஓட்டலாம் என்பார்கள். நுனி ஆடும், கனம் இரண்டு கிலோவுக்கு மேல், கிளச் எண்கள் கிடையாது. ஆசாரிக்கு 12 வோல்ட்டிலேயே ட்ரில் டிரைவரும் இம்பாக்ட் டிரைவரும் ஜோடியாக: ஒன்றில் முன்துளை, இன்னொன்றில் ஸ்க்ரூ, பிட் மாற்றும் நேரம் மிச்சம். 18 எம்எம் பிளைவுட்டில் கீலுக்கு 35 எம்எம் குழி எடுக்கும்போது ஆழம் 12, 13 எம்எம்மோடு நிற்க வேண்டும், அதனால் முதல் கியர்.

எலக்ட்ரீஷியனுக்கு 18 வோல்ட் எஸ்டிஎஸ் ரோட்டரி முதலில், அதே பேட்டரியில் ஓடும் ட்ரில் டிரைவர் அடுத்தது. ஏசி மெக்கானிக்குக்கும் இதேதான். ஆனால் பைப் போகும் 65 எம்எம் துளையை இதில் முயற்சிக்க வேண்டாம், அதற்கு வயர் வைத்த கோர் கட்டிங் மெஷின்தான். ஜிப்சம் சீலிங் வேலைக்கு ஆழம் நிறுத்தும் பிட் போட்ட 12 வோல்ட் ட்ரில் டிரைவர் போதும், நாள் முழுக்கக் கையைத் தலைக்குமேல் தூக்குபவருக்கு ஒவ்வொரு நூறு கிராமும் கணக்கு.

16. சார்ஜர்ல சிவப்பு லைட் சிமிட்டுது, ஏற மாட்டேங்குது. பேட்டரி போச்சா?

உடனே முடிவு கட்டாதீர்கள். மே மாதத்தில் ஸ்கூட்டர் டிக்கியிலிருந்தோ வேலை முடிந்த சூட்டோடோ எடுத்துப் போட்டால், சூடு இறங்கும்வரை நல்ல சார்ஜர் ஏற்றாது. நிழலில் அரை மணி ஆறவிடுங்கள். ஃபிரிஜ்ஜில் வைக்காதீர்கள், ஈரம் கோர்க்கும். பிறகு முனைகளைக் காய்ந்த துணியால் துடையுங்கள். சிமெண்ட் தூள் படிந்திருந்தாலே இப்படிக் காட்டும். இன்னொரு சார்ஜரில் வைத்துப் பாருங்கள்.

அப்புறமும் ஏறவில்லையென்றால் மல்டிமீட்டர். ஐந்து செல் பேக்கில் 12.5 வோல்ட்டுக்குக் கீழ் காட்டினால், செல்லுக்கு 2.5-க்கும் கீழே போயிருக்கிறது; சார்ஜர் வேண்டுமென்றேதான் மறுக்கிறது. வேறொரு பேட்டரியிலிருந்து வயர் போட்டு 'பூஸ்ட்' கொடுப்பது பட்டறைகளில் சகஜம். ஆழமாக இறங்கிய செல்லுக்குள் செம்பு கரைந்து தப்பான இடத்தில் படிந்திருக்கும், ஏற்றும்போது உள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. செய்யாதீர்கள். வருமுன் காக்க: மாதக்கணக்கில் எடுத்து வைப்பதானால் பாதி சார்ஜில், மெஷினிலிருந்து கழற்றி, குளிர்ச்சியான இடத்தில். முழுக்க இறக்கி ஏற்றும் பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பழக்கம் லித்தியத்துக்கு ஆகாது.

17. பழைய பேட்டரிக்குப் புது செல் போட்டுத் தர்றாங்க. வேற பிராண்ட் பேட்டரிய மாட்ட அடாப்டரும் விக்குது. ரெண்டுல எது பரவாயில்ல?

செல் மாற்றுவது, செய்பவரைப் பொறுத்து. அவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். செல் 15, 20 ஆம்பியர் தொடர்ந்து கொடுக்குமா? லேப்டாப்பில் கழற்றிய செல் கொடுக்காது, ட்ரில்லில் போட்டால் சூடேறிச் சாகும். ஐந்தையும் மாற்றுவீர்களா, கெட்டதை மட்டுமா? பழையதும் புதியதும் கலந்தால் சமநிலை தவறி மறுபடி சிவப்பு லைட்தான். ஸ்பாட் வெல்டா, சால்டரிங்கா? செல்மேல் நேராக சால்டரிங் வைத்தால் உள்ளே வெந்துவிடும். சில பிராண்டுகளில் பேக்கின் போர்டு ஒருமுறை பூட்டிக்கொண்டால் புது செல் போட்டாலும் திறக்காது என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அடாப்டரில் இருக்கும் ஆபத்து வெளியே தெரியாது. பல பிராண்டுகளில் 'சார்ஜ் தீர்ந்தது, நிறுத்து' என்ற கட்டளையை மெஷின்தான் நிறைவேற்றுகிறது, பேட்டரி தகவல் மட்டும் தரும். அடாப்டரில் அந்தத் தகவல் போகும் மூன்றாவது முனை இணைந்திருக்காது, மெஷின் நிற்காமல் ஓடி 16-ஆம் பதிலில் சொன்ன ஆழத்துக்கு பேட்டரியை இறக்கிவிடும். பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால் பேட்டரியின் விளக்கு ஒன்றாகக் குறைந்ததும் கழற்றிவிடுங்கள். வேலை முடிந்து அதிலேயே மாட்டி வைக்காதீர்கள். உப்பிய பேட்டரி கையில் இருந்தால் ஓட்டவும் வேண்டாம், ஏற்றவும் வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரிகளைச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. முனைகளில் டேப் ஒட்டி சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.